ஒரே முடிவு, ஊருக்கொரு பெயர்

(வட்டார வளமையத்தில் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘உலக நாடுகளின் பார்வையில் அமெரிக்கப் பொருளாதாரம்’. பெரிய தலைப்பு. கிடைத்திருக்கும் நேரத்தில் முழுவதையும் சொல்லிவிட முடியாது. ஆகவே ஒரே ஒரு வழியில் அணுகலாம் என்று நினைக்கிறேன். அமெரிக்கா எடுத்த சில பொருளாதார முடிவுகளுக்கு வெளிநாட்டினர் என்ன பெயர் வைத்தார்கள் என்று மட்டும் பார்ப்போம். ஒரு நிகழ்ச்சிக்கு யார் என்ன பெயர் வைக்கிறார்கள் என்று கவனித்தால், அது யாரை எங்கே தொட்டது என்பது தெரிந்துவிடும்.

வகுப்பில் அமெரிக்கா பற்றிப் பேச்சு வந்தால் பிள்ளைகள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓர் அணிக்கு அமெரிக்கா என்றால் பெரிய சம்பளம், பெரிய வீடு, பெரிய கார். இன்னோர் அணிக்கு உலகத்தில் நடக்கும் எல்லாக் கெடுதலுக்கும் அமெரிக்காதான் காரணம். இரண்டும் வீட்டிலும் செல்போனிலும் கேட்டவை. நம் பத்தாம் வகுப்புப் பாடத்தில் பெருமந்தம் வருகிறது, உலகமயமாதல் வருகிறது. ஆனால் அந்தப் பாடங்களுக்கும் இந்த இரண்டு அணிகளுக்கும் நடுவே ஒரு பாலம் இல்லை. அந்தப் பாலத்துக்கு உதவும் சில செய்திகளைத்தான் இன்று கொண்டுவந்திருக்கிறேன்.

டாலர் உலகப் பணமான கதை

1944 ஜூலையில், இரண்டாம் உலகப்போர் முடிவதற்கு முன்பே, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிரெட்டன் உட்ஸ் என்னும் இடத்தில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். போருக்குப் பிறகு நாடுகள் எந்தப் பணத்தில் கணக்கு வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு பொதுக் கணக்குப் பணம் வேண்டும் என்பது பிரிட்டனின் பொருளியலறிஞர் கெயின்ஸின் யோசனை. அதற்கு ‘பேங்கோர்’ என்று பெயரும் வைத்திருந்தார். அமெரிக்கத் தரப்பில் ஹாரி டெக்ஸ்டர் ஒயிட் வேறு திட்டம் வைத்தார். ஒயிட்டின் திட்டமே பெரும்பாலும் நின்றது. ஓர் அவுன்ஸ் தங்கம் 35 டாலர் என்று டாலரின் மதிப்பு கட்டப்பட்டது. மற்ற நாடுகளின் பணம் டாலரோடு கட்டப்பட்டது. பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் அங்கேதான் உருவாயின.

அந்த மாநாட்டில் இந்தியக் குழுவும் இருந்தது. அதில் ஒருவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். போர்க்காலத்தில் இந்தியா அனுப்பிய பொருள்களுக்காகப் பிரிட்டன் நமக்குத் தர வேண்டிய கடன் மலைபோல் சேர்ந்திருந்தது. அதைத் தீர்க்கப் புதிய நிதியம் உதவ வேண்டும் என்று நம் குழு கேட்டது. அது பிரிட்டனும் இந்தியாவும் தனியே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது என்று ஒதுக்கப்பட்டது. மேசையில் எல்லாருக்கும் நாற்காலி உண்டு, எல்லாருடைய குரலுக்கும் ஒரே எடை இல்லை என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது.

இன்றும் அப்படித்தான். பன்னாட்டு நிதியத்தில் மிக முக்கியமான முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் 16 சதவீதத்துக்குச் சற்று மேல் வாக்கு இருக்கிறது. கணக்கு ஆசிரியர் யாரேனும் இருந்தால் உடனே சொல்லிவிடுவார்: அமெரிக்கா சம்மதிக்காமல் அந்த முடிவு எதுவும் நிறைவேறாது.

கப்பலிலிருந்து வாய்க்கு

முதல் பெயர் நம் நாட்டிலிருந்தே. 1954-இல் அமெரிக்கா பி.எல். 480 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. அங்கே விளைந்து மிஞ்சிய தானியத்தைப் பிற நாடுகளுக்குக் கொடுப்பதற்கான சட்டம் அது. நாம் டாலர் தர வேண்டியதில்லை, ரூபாயில் செலுத்தினால் போதும். 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பருவமழை பொய்த்தது. 1966-இல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் இறக்குமதியானது, அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அது பல உயிர்களைக் காத்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் படித்த நம் மூத்தவர்களைக் கேளுங்கள். கேர் நிறுவனம் வழியாகப் பள்ளிக்கு வந்த பால் பவுடர் அவர்களுக்கு நினைவிருக்கும். பலருக்கு அமெரிக்காவோடு முதல் அறிமுகமே பள்ளியில் கிடைத்த அந்தப் பால்தான்.

அதே காலத்தில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் கோதுமையை மொத்தமாக அனுப்பாமல், மாதக் கணக்கில் அளந்து அளந்து அனுப்ப உத்தரவிட்டார். இந்தியா தன் வேளாண்மைக் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது ஒரு காரணம். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. அடுத்த கப்பல் வருமா என்று பார்த்திருந்த அந்தக் காலத்துக்கு ‘கப்பலிலிருந்து வாய்க்கு’ என்று பெயர் வந்தது. அந்த வார்த்தையில் நன்றியும் இருக்கிறது, தலைகுனிவும் இருக்கிறது. அந்தத் தலைகுனிவு வீண்போகவில்லை. அப்போது உணவு, வேளாண்மைத் துறை அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் உயர் விளைச்சல் கோதுமை விதைகளை நம் வயல்களுக்குக் கொண்டுவந்தார். பசுமைப் புரட்சி பாடம் நடத்தும்போது இந்தப் பின்னணியைச் சேர்த்துச் சொன்னால், பிள்ளைகளுக்கு அது வெறும் விளைச்சல் அட்டவணையாக இருக்காது.

மிகையான சலுகை

இரண்டாவது பெயர் பிரான்சிலிருந்து. போரில் நொறுங்கிய மேற்கு ஐரோப்பாவுக்கு 1948 முதல் மார்ஷல் திட்டத்தின்கீழ் அமெரிக்கா சுமார் 1,300 கோடி டாலர் வழங்கியது. பிரான்ஸ் அதில் பெரும்பயன் பெற்ற நாடுகளில் ஒன்று. பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே பிரான்சில்தான் மிகக் கடுமையான விமர்சனம் எழுந்தது. நிதியமைச்சர் ஜிஸ்கார் தெஸ்தேன் டாலரின் நிலைக்கு ‘மிகையான சலுகை’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்.

அவர் சொன்னதை எளிமையாகப் பார்ப்போம். மற்ற நாடுகள் வெளியே எதையாவது வாங்க வேண்டுமானால், முதலில் எதையாவது விற்று டாலர் சம்பாதிக்க வேண்டும். அமெரிக்காவோ தன் சொந்தப் பணத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். ஊர்க் கடைகள் எல்லாவற்றிலும் ஒருவர் எழுதிக்கொடுக்கும் சீட்டு பணமாகச் செல்லும் என்றால், அவருக்குச் செலவைப் பற்றிய கவலை குறைவுதானே? 1965 பிப்ரவரியில் அதிபர் சார்ல் தெ கோல் பத்திரிகையாளர்களைக் கூட்டி, உலகம் மீண்டும் தங்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறினார். பிரான்ஸ் தன்னிடமிருந்த டாலரைக் கொடுத்து அமெரிக்காவிடமிருந்து தங்கம் வாங்கிக்கொண்டே வந்தது.

நிக்சன் அதிர்ச்சி

மூன்றாவது பெயர் ஜப்பானுடையது. 1971 ஆகஸ்ட் 15, ஞாயிறு இரவு. அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, இனி டாலருக்குத் தங்கம் தரப்படாது என்றார். இறக்குமதிமீது 10 சதவீதக் கூடுதல் வரியும் அறிவித்தார். அமெரிக்காவில் அதற்கு வைத்த பெயர் ‘புதிய பொருளாதாரக் கொள்கை’. ஜப்பானில் வைத்த பெயர் ‘நிக்சன் அதிர்ச்சி’. 1949 முதல் ஒரு டாலருக்கு 360 யென் என்ற கணக்கை நம்பித் தொழிற்சாலை கட்டியவர்கள் அவர்கள். அந்த ஆண்டு டிசம்பரில் டாலர் 308 யென் ஆகிவிட்டது. அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு டாலர் சரக்குக்கும் அவர்கள் கைக்கு வருவது 52 யென் குறைந்தது.

கவலையோடு கேட்ட ஐரோப்பிய நிதியமைச்சர்களிடம் அமெரிக்க நிதியமைச்சர் ஜான் கானலி, டாலர் எங்கள் பணம், ஆனால் அது உங்கள் பிரச்சினை என்று கூறியதாகச் சொல்வார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்த வாக்கியத்தை உலகம் மறக்கவில்லை.

இழந்த பத்தாண்டு

நான்காவது பெயர் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வருகிறது. வகுப்பறையில் மிகவும் பயன்படக்கூடிய எடுத்துக்காட்டு இதுதான் என்பது என் கருத்து. 1980-இல் அமெரிக்காவில் விலைவாசி ஓர் ஆண்டில் 13 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அந்நாட்டு மைய வங்கியின் தலைவர் பால் வோல்க்கர் வட்டியைக் கடுமையாக உயர்த்தினார். 1981-இல் வங்கிகளுக்கிடையிலான வட்டி 20 சதவீதத்தை ஒட்டிச் சென்றது. 1983-இல் பணவீக்கம் சுமார் 3 சதவீதமாக இறங்கியது. அமெரிக்கப் பொருளாதார வரலாற்றில் இது விலைவாசியை வென்ற கதை.

மெக்சிகோவும் பிரேசிலும் அர்ஜென்டினாவும் எழுபதுகளில் டாலரில் கடன் வாங்கியிருந்தன. அவற்றில் பெரும்பகுதி மாறும் வட்டிக் கடன். வாஷிங்டனில் வட்டி ஏறியதும் அவர்களுடைய கடனும் தானாக ஏறியது. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ தன்னால் தவணை கட்ட முடியாது என்று அறிவித்தது. ஒன்றன்பின் ஒன்றாக மற்ற நாடுகளும் விழுந்தன. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டிய பணம் வட்டிக்குப் போனது. அந்தக் காலத்தை அந்த மக்கள் ‘இழந்த பத்தாண்டு’ என்கிறார்கள்.

வோல்க்கர் மெக்சிகோவுக்குக் கெடுதல் செய்ய நினைத்தாரா? இல்லை. அமெரிக்க மைய வங்கிக்குச் சட்டம் விதித்திருக்கும் முதன்மையான பொறுப்பு, அமெரிக்காவில் வேலைவாய்ப்பையும் விலைவாசியையும் சீராக வைத்திருப்பது. மெக்சிகோவின் பள்ளிகள் அந்தச் சட்டத்தில் இல்லை. நான் இன்று சொல்ல வந்த முக்கியமான கருத்து இதுதான். ஒரு நாட்டின் முடிவு அந்த நாட்டு மக்களுக்காக எடுக்கப்படுகிறது. அந்த நாட்டுப் பணத்தை உலகமே பயன்படுத்தும்போது, விளைவு அங்கே வாக்குரிமை இல்லாதவர்கள்மீதும் விழுகிறது. வெளிநாட்டினரின் கோபத்தில் பெரும்பகுதி இந்த இடைவெளியிலிருந்து பிறக்கிறது.

நம் ரூபாயும் இதை அனுபவித்தது. 2013 மே மாதம் அமெரிக்க மைய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, மாதந்தோறும் சந்தையில் கடன் பத்திரம் வாங்குவதை இனிக் குறைக்கக்கூடும் என்று பேசினார். செய்யவில்லை, செய்யக்கூடும் என்றார், அவ்வளவுதான். அப்போது டாலருக்கு 55 ரூபாய் என்ற அளவில் இருந்தது. ஆகஸ்ட் இறுதியில் 68 ரூபாயைத் தாண்டியது.

திட்டிக்கொண்டே திரும்பி வருவது ஏன்?

இவ்வளவு குறை சொல்லும் நாடுகள் டாலரை விட்டுவிட வேண்டியதுதானே என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன சொல்வோம்? கொரியாவைப் பார்ப்போம். 1997 இறுதியில் தென்கொரியாவிடம் டாலர் தீர்ந்துபோய், பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்டது. கடுமையான நிபந்தனைகள் வந்தன. பல நிறுவனங்கள் மூடப்பட்டன. கொரிய மக்கள் அதை இன்றும் ‘ஐ.எம்.எஃப். நெருக்கடி’ என்றே அழைக்கிறார்கள். நாட்டுக் கடனை அடைக்கச் சுமார் 35 லட்சம் பேர் வீட்டு நகைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். திருமண மோதிரம், குழந்தையின் முதல் பிறந்தநாள் மோதிரம் உட்பட 200 டன்னுக்கு மேல் தங்கம் சேர்ந்தது.

அதன்பின் கொரியா என்ன செய்தது? டாலரை வெறுத்து ஒதுக்கவில்லை. இன்னும் அதிகமாகச் சேர்த்து வைத்தது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானபோது நெருப்பு பிடித்த வீடு அமெரிக்கா. ஆனால் உலகத்தின் பணம் ஓடி ஒளிந்த இடமும் அமெரிக்கக் கடன் பத்திரங்கள்தான், டாலர் மதிப்பு ஏறியது. அந்த அக்டோபரில் அமெரிக்க மைய வங்கி, கொரியா, பிரேசில், மெக்சிகோ, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாடுகளுக்கும் தலா 3,000 கோடி டாலர்வரை மாற்றிக்கொள்ள வசதி செய்து கொடுத்தது. கொரியச் சந்தை மூச்சுவிட்டது. புயலும் அங்கிருந்து, புகலிடமும் அங்கே.

2009 மார்ச்சில் சீன மைய வங்கித் தலைவர் ஜோ சியாவ்சுவான், எந்த ஒரு நாட்டையும் சாராத பொதுப் பணம் உலகுக்கு வேண்டும் என்று கட்டுரை எழுதினார். கெயின்ஸின் பழைய யோசனையையும் அதில் நினைவுகூர்ந்தார். 2022-இல் உக்ரைன் போரையடுத்து, ரஷ்ய மைய வங்கிக்குச் சொந்தமான சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கின. அதற்குப் பிறகு பல நாடுகளின் மைய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கத் தொடங்கின. உலக நாடுகளின் கையிருப்பில் டாலரின் பங்கு 1999-இல் சுமார் 71 சதவீதம். இப்போது 60 சதவீதத்துக்குக் கீழே. இறங்கியிருக்கிறது, ஆனாலும் முதலிடம் அதற்குத்தான்.

அமெரிக்கர் பக்கமும் பார்ப்போம்

ஒரு தரப்பை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாடமாகாது. பெல்ஜியத்தில் பிறந்த ராபர்ட் டிரிஃபின் என்ற பொருளியலறிஞர் 1960-லேயே ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டினார். உலகம் முழுவதற்கும் டாலர் வேண்டுமென்றால், அமெரிக்காவிலிருந்து டாலர் தொடர்ந்து வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும். அவர் பேசியது தங்கத்தோடு கட்டிய டாலரைப் பற்றி. இன்றைய நிலையில் டாலர் வெளியே போகும் முக்கியமான வழி, அந்நாடு விற்பதைவிட அதிகமாக வாங்குவதுதான்.

வாங்கும் வீட்டுக்குப் பொருள் மலிவாகக் கிடைக்கிறது. அதே தெருவில் அந்தப் பொருளைச் செய்துகொண்டிருந்த தொழிற்சாலை மூடப்படுகிறது. 2000-இல் அமெரிக்காவில் தொழிற்சாலை வேலையில் இருந்தவர்கள் சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர். 2010-இல் 1 கோடியே 20 லட்சத்துக்கும் குறைவு. இயந்திரமயமாக்கல், சீனப் போட்டி, 2008 நெருக்கடி என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் ஒஹையோவிலோ மிச்சிகனிலோ வேலை இழந்தவரிடம் போய் உங்கள் நாட்டுக்கு மிகையான சலுகை இருக்கிறது என்றால் அவர் சிரிப்பார். உலகம் எங்களை வைத்துப் பிழைக்கிறது என்பது அவருடைய பேச்சு. சலுகை பெற்றவரும் விலை கொடுத்தவரும் ஒரே நாட்டுக்குள்ளேயே வேறு வேறு ஆட்கள்.

லெசோத்தோவும் திருப்பூரும்

அந்தக் கோபத்தின் தொடர்ச்சிதான் 2025-இல் வந்த வரிகள். 2025 ஏப்ரல் 2-ஐ அதிபர் டிரம்ப் ‘விடுதலை நாள்’ என்றார். அன்று அறிவித்த பட்டியலில் மிக உயர்ந்த வரிகளில் ஒன்று, 50 சதவீதம், தென்னாப்பிரிக்காவுக்கு நடுவே இருக்கும் லெசோத்தோ என்ற சின்ன நாட்டுக்கு. மக்கள்தொகை சுமார் 23 லட்சம். ஜீன்ஸ் தைத்து அமெரிக்காவுக்கு அனுப்புவது அவர்களின் முக்கியத் தொழில்களில் ஒன்று.

அந்த 50 எப்படி வந்தது என்பதை எட்டாம் வகுப்புக் கணக்காகவே கொடுக்கலாம். அமெரிக்கா லெசோத்தோவிலிருந்து ஓர் ஆண்டில் வாங்கியது சுமார் 23.7 கோடி டாலர். லெசோத்தோ அமெரிக்காவிலிருந்து வாங்கியது 30 லட்சம் டாலருக்கும் குறைவு. வித்தியாசத்தை வாங்கிய தொகையால் வகுத்தால் ஏறக்குறைய 99 சதவீதம். அதில் பாதி, முழு எண்ணாக்கினால் 50. அவ்வளவுதான் சூத்திரம். ஏழை நாட்டால் அமெரிக்கப் பொருளை வாங்க முடியவில்லை என்பதே அந்த நாட்டின் குற்றமாகக் கணக்கில் ஏறியது. பின்னர் அந்த வரி 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்குள் பல ஆர்டர்கள் கைவிட்டுப் போயிருந்தன.

கனடாவில் வேறுமாதிரி எதிரொலித்தது. மாநில அரசுகள் தங்கள் கடைகளிலிருந்து அமெரிக்க மதுவகைகளை எடுத்துவிட்டன. ஐஸ் ஹாக்கி ஆட்டத்திலிருந்து எடுத்த ‘முழங்கையை உயர்த்து’ என்ற சொல் நாடு முழுவதும் பரவியது. எதிரியிடம் அடி வாங்கினால் கோபம்தான் வரும். நண்பனிடம் வாங்கினால் அதோடு வருத்தமும் சேரும்.

ஆகஸ்ட் 27-இல் இந்தியப் பொருள்கள்மீதான கூடுதல் வரி 50 சதவீதமானது. அதில் பாதி, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்காக. அப்போது பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “டீச்சர், பனியன் கம்பெனி திருப்பூர்ல இருக்கு. அதுக்கு அமெரிக்கா எப்படி வரி போட முடியும்?” நல்ல கேள்வி. கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். பத்து டாலர் விலையுள்ள சட்டை அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்குகிறது. 50 சதவீதம் என்றால் ஐந்து டாலர் வரி. அதை அந்நாட்டுச் சுங்கத்தில் கட்டுபவர் அங்கே இறக்குமதி செய்யும் வியாபாரி. அந்த ஐந்து டாலரை அவர் மூன்று வழியில் சமாளிக்கலாம். கடையில் விலையை ஏற்றலாம், அப்போது அமெரிக்க வாடிக்கையாளர் கொடுக்கிறார். திருப்பூரிடம் விலையைக் குறைக்கச் சொல்லலாம், அப்போது நம் முதலாளியும் தொழிலாளியும் கொடுக்கிறார்கள். அல்லது அப்போது 20 சதவீதக் கூடுதல் வரி மட்டுமே இருந்த வங்கதேசத்துக்கோ வியட்நாமுக்கோ ஆர்டரை மாற்றலாம். திருப்பூரின் ஏற்றுமதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது என்று சேர்த்துச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பலருக்கு அங்கே வேலை பார்க்கும் உறவினர்கள் உண்டு. வரி விகிதங்கள் மாறிக்கொண்டே இருக்கும். இந்தக் கணக்கு மாறாது.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

நிறைவாக ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். செலவு இல்லை, ஒரு பாடவேளை போதும். வகுப்பை ஐந்து குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு நாடு. 1971 ஆகஸ்ட் முடிவையோ 1981 வட்டி உயர்வையோ கொடுத்து நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்த முடிவை எடுத்தது யார்? யாருக்காக எடுத்தார்கள்? நம் நாட்டில் இதற்கு விலை கொடுத்தது யார், பயன் பெற்றது யார்? இதற்கு நாம் என்ன பெயர் வைப்போம்? ஐந்து பெயர்களையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதச் சொல்லுங்கள். ஒரு குழு கட்டாயம் அமெரிக்கக் குழுவாக இருக்கட்டும். பயன் பெற்றது யார் என்ற கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால் எல்லாக் குழுவும் புகார்ப் பட்டியல் மட்டுமே எழுதும்.

இப்படிப் பழகிய பிள்ளை நாளை எந்த நாட்டின் முடிவைப் படித்தாலும் அதே நான்கு கேள்விகளையும் கேட்கும். நம் நாடு எடுக்கும் முடிவுகளையும் கேட்கும். 2022-இல் நாம் கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தோம். 2023-இல் பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியைத் தடை செய்தோம். நம் சந்தையில் விலை ஏறக்கூடாது என்பதற்காக எடுத்த முடிவுகள் அவை. நம் அரிசியை நம்பியிருந்த மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் அதற்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று ஒரு மாணவர் எழுந்து கேட்டால், அந்தப் பாடம் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

உங்கள் வகுப்புகளில் செய்து பார்த்து, பிள்ளைகள் வைத்த பெயர்களை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.